52 லட்சம்: ஒரு வீட்டு விலையின் சாதி

ஆறு ஆண்டுகளாக எங்களிடம் வாடகை வாங்கும் வீட்டுக்காரர் போன மாதம் மாடிப்படியில் நின்றபடியே சொன்னார்: "தம்பி, வீட்ட குடுத்துரலாம்னு இருக்கேன். மொதல்ல உங்ககிட்டதான் கேக்குறேன். அம்பத்திரெண்டு." 2021-இல் இதே மனிதர் இதே படியில் நின்று முப்பத்திநாலு என்றார். வீடு அதே வீடுதான். இரண்டு சென்ட் இடம், ஒரு ஹால், இரண்டு அறை, கோடையில் காற்றை மட்டும் இறைக்கும் ஒரு போர். இந்த நான்கு ஆண்டில் அந்த வீட்டில் புதிதாக வந்து சேர்ந்தது சமையலறைச் சுவரில் ஏறிய ஓதம் ஒன்றுதான். 18 லட்சம் எங்கிருந்து ஏறியது?

இந்தக் கேள்வியை எங்கள் வீட்டுக் கணக்காக மட்டும் எழுதுவதென்றால் இங்கே எழுத வேண்டியதில்லை. கடந்த இரண்டு வாரமாக இதைப் பற்றி ஆலோசனை சொன்னவர்கள் எல்லோரும், நண்பர்கள், தோழர்கள், யூடியூப் நிதி நிபுணர்கள் வரை, ஒரே ஒரு விஷயத்தைக் கணக்கில் சேர்க்காமல் பேசினார்கள். அதை விட்டுவிட்டுப் போடும் எந்தக் கணக்கும் நமக்கான கணக்கு இல்லை. நாளைக்கு வேலைக்குப் போய், வாடகை வீடு தேடி, பிறகு ஒரு நாள் "வாங்கலாமா வேண்டாமா" என்று முழிக்கப்போகும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறோம்.

முதலில் நிபுணர்களின் கணக்கு. அது எளிமையானது. எங்கள் வாடகை மாதம் 9,500. ஆண்டுக்கு 1,14,000. 52 லட்சத்தில் இது 2.2 சதவீதம். அதே 52 லட்சத்தை வங்கியில் போட்டுவைத்தாலே ஏறத்தாழ மூன்று மடங்கு வட்டி வரும். ஆகவே விலை ஏறிய வீட்டை வாங்குவது முட்டாள்தனம், வாடகையிலேயே இருங்கள், மிச்சத்தை மாதாமாதம் முதலீடு செய்யுங்கள் என்கிறார்கள். கணக்கில் பிழை இல்லை. அதன் அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது: இந்த வீடு இல்லாவிட்டால் இன்னொரு வீடு. வாடகைக்காரன் சுதந்திரமானவன், பிடிக்காவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடலாம்.

அடுத்த தெரு. 2019 ஜனவரியில் தொடங்கி மே வரை மதுரையின் வடக்குப் பகுதியில் 14 வீடுகள் பார்த்தோம். ஒன்றில் தண்ணீர் இல்லை, இரண்டில் வாடகை கட்டுப்படியாகவில்லை. மீதிப் பதினொன்றில் வாடகை பேசி முடித்து, அட்வான்ஸ் எவ்வளவு என்பது வரை வந்து, அதன் பிறகுதான் "நேர்காணல்" நடந்தது. யாரும் நேரடியாகச் சாதியைக் கேட்கவில்லை. மதுரைக்காரர்கள் அவ்வளவு நாகரிகம் இல்லாதவர்கள் அல்ல. "பூர்வீகம் எது?" என்பார்கள். ஊர்ப் பெயரைச் சொன்னால் "ஊருக்குள்ளயா, வெளியவா?" அதையும் கடந்தால் "குலசாமி எது?" ஓர் அம்மா எங்கள் குலசாமியின் பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்து, "அட, எங்களுக்கும் அதுதான்!" என்றார். பிறகு "கும்பிடுறது கோயிலுக்குள்ள போயா, வெளிய நின்னா?" என்று கேட்டார். எம்.ஏ. சமூகவியலில் கள ஆய்வு வினாத்தாள் தயாரிக்க எங்களுக்கு ஒரு பருவம் முழுக்கப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரே கேள்வியில் இத்தனை துல்லியமாக விடையைப் பிடுங்க எங்களுக்கு இன்றுவரை வராது.

அந்த ஐந்து மாதத்துக்கான செலவை எந்தக் கணிப்பானில் ஏற்றுவது? விடுப்பு எடுத்த நாட்கள், கைவிட்டுப் போன இரண்டு டோக்கன் அட்வான்ஸ், பழைய வீட்டைக் காலி செய்துவிட்டு நண்பர் வீட்டில் தங்கிய மூன்று வாரம். பதினைந்தாவதாக இந்த வீடு கிடைத்தது. இவர் எதுவும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. அண்ணலின் படத்தை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவைத்து ஒன்றரை வருடம் ஓட்டினோம். பிறகு ஒரு நாள் மோட்டார் பழுது பார்க்க வந்தவர், திறந்திருந்த கதவில் படத்தைப் பார்த்துவிட்டார். ஒரு நிமிடம் நின்றார். "ஏன் தம்பி இதப்போயி உள்ள வச்சிருக்கீங்க, ஹால்ல மாட்டுங்க. ஆணி அடிச்சுக்கங்க" என்றார். வாடகை வீட்டில் ஆணி அடிக்கச் சொன்ன வீட்டுக்காரரை நீங்கள் எங்காவது பார்த்ததுண்டா? அதனால்தான் இந்தக் கதையை எழுதுவது எங்களுக்குச் சுலபமாக இல்லை. இவர் வில்லன் இல்லை.

நாங்கள் பட்டது எங்களுக்கு மட்டும் நேர்ந்த துரதிர்ஷ்டம் என்று சொல்பவர்களுக்கு ஒரு தகவல். 2015-இல் சுகதேவ் தோரட்டும் உடன் ஆய்வாளர்களும் தில்லியிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் நடத்திய ஆய்வு 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யில் வந்தது. வாடகை விளம்பரங்களுக்குச் சாதி இந்துப் பெயரிலும் தலித் பெயரிலும் முஸ்லிம் பெயரிலும் தொலைபேசியில் பேசிப் பார்த்தார்கள். சாதி இந்துப் பெயர்களுக்குக் கதவு ஏறக்குறைய எப்போதும் திறந்தது. தலித் பெயர்களுக்குக் கணிசமாக மூடியது, அல்லது கூடுதல் வாடகை, கூடுதல் நிபந்தனையோடு பாதி திறந்தது. முஸ்லிம்களுக்கு அதைவிட மோசம். படிப்பும் வேலையும் இருந்தால் சாதி மறைந்துவிடும் என்று நமக்குச் சொல்லப்பட்ட கதை, தொலைபேசியில் பெயரைச் சொன்னதுமே முடிந்துபோனது.

இதற்கு நூறாண்டு வரலாறு இருக்கிறது. 1917-இல் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டுப் பரோடா அரசில் அதிகாரியாகச் சேரப்போன அம்பேத்கருக்கு ஊரில் தங்க இடமில்லை. பெயரை மாற்றிச் சொல்லி ஒரு பார்சி விடுதியில் தங்கினார். பதினோராம் நாள் கம்புகளோடு ஒரு கூட்டம் வந்து வெளியேற்றியது. நண்பர்கள் இருவரிடம் கேட்டார். ஒருவர், நீ வந்தால் வீட்டு வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். இன்னொருவர் மனைவியைக் கேட்டுச் சொல்வதாக நழுவினார். அன்றிரவே ரயில் ஏறிப் பம்பாய் திரும்பினார். அந்த மனிதர்தான் 1930-களில் தாதர் இந்துக் காலனியில் ராஜகிருகத்தைக் கட்டினார், தனக்கும் தன் புத்தகங்களுக்கும். இந்துக் காலனி என்ற பெயரையும் இடத்தையும் சேர்த்துக் கவனியுங்கள். சேரிக்குள் கட்டவில்லை.

இதைச் சொல்லக் காரணம், எங்கள் தோழர்களில் சிலர் தெரிவித்த கருத்து. "வீடு வாங்குவது நடுத்தர வர்க்கப் பிழைப்புவாதம். இயக்கக்காரனுக்கு எதற்குச் சொத்து?" இதை எங்களிடம் மிகுந்த ஆவேசத்தோடு சொன்ன தோழருக்கு ஊரில் தாத்தா கட்டிய வீடு ஒன்றும் டவுனில் அப்பா கட்டிய வீடு ஒன்றும் இருக்கின்றன. அவர் நல்ல தோழர்தான், ரயில் மறியலில் எங்களுக்கு முன்னால் படுத்தவர். ஆனால் சொத்தைத் துறப்பதற்கும் முதலில் கையில் சொத்து இருந்தாக வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. நம் இயக்கத்தின் மிகப் பழைய கோரிக்கை எது? நிலம். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர் 1891-இல் அனுப்பிய அறிக்கையும் 1892-இல் வந்த அரசாணையும் பஞ்சமி நிலத்துக்கு வழி செய்தன. நம்மவரைத் தவிர மற்றவர்களுக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம் இன்று யார் யார் கையில் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். 1994 அக்டோபரில் காரணை நில மீட்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டில் விழுந்த ஜான் தாமசையும் ஏழுமலையையும் பார்த்துப் பிழைப்புவாதம் என்று யாராவது சொல்வார்களா? ஊரில் நிலம் கேட்டால் போராட்டம், நகரத்தில் இரண்டு சென்ட் கேட்டால் பிழைப்புவாதமா?

சரி, அப்படியானால் வாங்கிவிட வேண்டியதுதானே என்கிறீர்களா? பொறுங்கள்.

இன்னொரு நண்பர் சொன்னார்: "இந்த விலைக்கு எதுக்குங்க? வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பாருங்க." பார்த்தோம். வாய்க்கால் பன்னிரண்டு அடி அகலம் இருக்கும். இந்தப் பக்கம் சென்ட் 18 லட்சம். அந்தப் பக்கம் 8 லட்சம். மண் ஒன்று, மின்கம்பி ஒன்று, குடிநீர் வருகிற நாளும் ஒன்று. பேருந்து நிறுத்தம் அந்தப் பக்கத்துக்குத்தான் பக்கம். எங்களை யாரென்று தெரியாத ஒரு புரோக்கர் வண்டியை நிறுத்திவிட்டு அக்கறையோடு அறிவுரை சொன்னார்: "அங்கிட்டு வேணாம் சார். காலனிய ஒட்டி வருது. வெல ஏறாது."

பல வருடப் படிப்பில் கிடைக்காதது அந்த மூன்று வாக்கியத்தில் கிடைத்தது. பன்னிரண்டு அடி வாய்க்காலைத் தாண்டினால் சென்ட்டுக்குப் பத்து லட்சம் குறைகிறது. அந்தப் பத்து லட்சம் எதற்கான விலை? மண்ணுக்கு இல்லை, சாலைக்கு இல்லை. பக்கத்து வீட்டில் நாம் இருக்கமாட்டோம் என்ற உத்தரவாதத்துக்கு. உத்தப்புரத்தில் கல்லும் சிமெண்டும் வைத்துக் கட்டியதால் அந்தச் சுவரைக் காட்ட முடிந்தது, 2008-இல் ஒரு பகுதியையாவது இடிக்க முடிந்தது. எங்கள் பகுதியில் சுவரைப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். வழிகாட்டி மதிப்பு என்று தெருவுக்குத் தெரு அரசே ஓர் எண்ணைப் போட்டுவைத்திருக்கிறதே, வாய்க்காலின் இரு கரைக்கும் அதை எடுத்துப் பாருங்கள். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளரும் அதைப் பார்த்துத்தான் எழுதுகிறார். ஆக, அந்தப் பக்கம் வீடு கட்டுபவருக்கு வங்கிக் கடனும் குறைவாகவே கிடைக்கும். இருபது ஆண்டு கழித்து மகளின் படிப்புக்கு அடமானம் வைக்கப்போனால் அப்போதும் குறைவாகவே கிடைக்கும். ஊர்ப் பக்கம் வாங்கியவரின் பேரன் அமெரிக்கா போவான். நம் பேரன் தாட்கோ வாசலில் வரிசையில் நிற்பான். பிறகு இருவரின் "திறமை"யையும் ஒப்பிட்டுப் பட்டிமன்றம் நடத்துவார்கள்.

சேரியில் வாழ்வது இழிவு என்று நாங்கள் சொல்லவில்லை. நாங்கள் இருவரும் அங்கே பிறந்தவர்கள்தான். மற்ற கதவுகளைச் சாத்திவிட்டு அங்கே போகச் சொல்வதைத் தேர்வு என்று அழைக்காதீர்கள் என்கிறோம்.

இப்போது 52-க்கு வருவோம். வீட்டுக்காரர் சொல்லிப் பத்து நாள் கழித்து வேறொருவர் வீடு பார்க்க வந்தார். தெருக்கோடியில் இருக்கும் குடும்பத்துக்கு உறவினர், அந்தத் தெருவில் பெரும்பான்மையாக இருக்கும் சாதி. தேநீர் குடித்துக்கொண்டே இயல்பாகச் சொன்னார்: "நாப்பத்தேழுங்கிறாரு, நாப்பத்தஞ்சுக்கு முடிச்சுரலாம்." எங்களுக்கு 52, அவருக்கு 47. ஒரே வீடு, ஒரே வாரம், ஐந்து லட்சம் வித்தியாசம். வீட்டுக்காரரிடம் கேட்டோம். மழுப்பவில்லை என்பதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும். "எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி. ஆனா தெருவுல பேசுறாங்க. ஒனக்கு வித்துட்டு நாளைக்கு நான் இதே தெருவுல நடக்கணும்ல? அவங்க வீட்டு வெலையெல்லாம் எறங்கிரும்ங்கிறாங்க. அதான் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன், நீங்களே வேணாம்னு போயிருவீங்கன்னு." ஆணி அடிக்கச் சொன்ன அதே மனிதர். படம் மாட்ட இடம் கொடுக்க முடிந்தது அவரால். பத்திரம் எழுதிக்கொடுக்க முடியவில்லை. வாடகைக்காரனாக இருக்கும்வரை நாம் அந்தத் தெருவில் விருந்தாளி. பட்டா நம் பெயருக்கு மாறினால் தெருவின் சாதியே மாறிவிடுமாம்!

இதற்குச் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, அதுவும் பழைய சட்டம். 1955-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 4. எந்தப் பகுதியிலும் குடியிருப்பு வீடு கட்டுவதிலோ, வாங்குவதிலோ, குடியிருப்பதிலோ தீண்டாமையின் அடிப்படையில் தடை விதிப்பது குற்றம். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராக இருந்தால் தீண்டாமையால்தான் நடந்தது என்று நீதிமன்றம் ஊகிக்க வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது எதிர்த்தரப்பின் பொறுப்பு என்கிறது பிரிவு 12. அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கு வீட்டு வசதியில் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் 1968-இல்தான் வந்தது, மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில். நம்முடையது அதைவிட 13 ஆண்டு மூத்தது. ஆனால் நம் சட்டத்தில் தண்டனை என்ன தெரியுமா? ஒரு மாதம் முதல் ஆறு மாதம் சிறை, அபராதம் 100 ரூபாய்க்குக் குறையாமல் 500 ரூபாய்க்கு மிகாமல். 52 லட்சம் ரூபாய் வீட்டுக்கு ஐந்நூறு ரூபாய் அபராதம். எங்கள் களப்பணியில் வாடகை மறுப்புக்காக இந்தப் பிரிவில் போட்ட ஒரு வழக்கைக்கூட நாங்கள் பார்த்ததில்லை. போதாக்குறைக்கு 2005-இல் குஜராத்தின் ஒரு பார்சி வீட்டுவசதிச் சங்க வழக்கில், சங்கம் தன் உறுப்பினர்களை ஒரே சமூகத்தவராக வைத்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டத்தில் ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது பற்றி இருக்கிறது, முன்பணம் பற்றி இருக்கிறது, வாடகையை எப்படி உயர்த்துவது என்று இருக்கிறது. சாதி பார்த்து வீடு மறுப்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. சமூகநீதியின் மண் என்று மேடைக்கு மேடை முழங்குகிறவர்கள் இந்த ஒரு வரியைச் சேர்ப்பதற்கு எந்த நிதி ஒதுக்கீடும் தேவையில்லை.

1998-இல் இதே மதுரை மாவட்டத்தின் மேலக்கோட்டையில்தான் முதல் சமத்துவபுரம் திறந்தார்கள். 100 வீடுகளில் 40 நமக்கு. குறைகள் ஆயிரம் சொல்லலாம், நாங்களே சொல்லியிருக்கிறோம். ஆனால் அரசு கட்டி, அரசு ஒதுக்கினால்தான் ஒரே தெருவில் வீடு கிடைக்கும் என்பதை அந்தத் திட்டமே ஒத்துக்கொண்டது. சந்தையில் ஒதுக்கீடு இல்லை. சென்னையில் நகரத்தின் நடுவில் நிலத்தின் விலை ஏறியபோது சந்தை யாரைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் தள்ளியது என்று போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

எங்கள் கணக்கை இப்போது முழுதாகச் சொல்கிறோம், ஒளிக்க ஒன்றுமில்லை. இருவரின் சம்பளமும் சேர்த்து மாதம் 60,000. ஒருவர் வேலை ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் ஒப்பந்தம். தொண்டு நிறுவன வேலை எப்போது நிற்கும் என்று நிதி கொடுப்பவருக்கும் உள்துறை அமைச்சகத்துக்கும்தான் தெரியும். கையில் சேமிப்பு, நகை, சீட்டுப் பணம் எல்லாம் சேர்த்து 14 லட்சம். வங்கி எங்களுக்கு 30 லட்சம் வரை தரலாம் என்கிறது. 8 சதவீத வட்டி, 20 ஆண்டு, மாதம் 25,000 தவணை. முடிக்கும்போது கட்டியிருப்பது 60 லட்சம். பத்திரச் செலவு 7 சதவீத முத்திரைத் தீர்வை, 2 சதவீதப் பதிவுக் கட்டணம். 52-க்கு அதுவே நாலே முக்கால் லட்சம் பக்கம் வருகிறது. பெண் பெயரில் பதிந்தால் ஒரு சதவீதம் குறைப்போம் என்று 2025 ஏப்ரல் முதல் அரசு சலுகை தந்திருக்கிறது, பத்து லட்சத்துக்குள் இருந்தால் மட்டும். மதுரை மாநகராட்சி எல்லைக்குள் பத்து லட்சத்துக்கு வீடு கிடைத்தால் எங்களுக்கும் சொல்லுங்கள்.

இன்னொரு சங்கதி, இதை நிபுணர்கள் மைக் முன்னால் சொல்வதில்லை. வீட்டுக்காரர் 30-க்குப் பத்திரம், மீதி 22 கையில் என்கிறார். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்களாம். சட்டப்படி தவறு என்பது இருக்கட்டும். 22 லட்சம் ரொக்கம் யார் வீட்டில் இருக்கும்? நிலம் விற்றவர் வீட்டில், கடை வைத்திருப்பவர் வீட்டில், வட்டிக்கு விடுபவர் வீட்டில். முதல் தலைமுறையாகச் சம்பளம் வாங்கும் நம்மிடம் இருப்பது வங்கிக் கணக்கில் வந்து விழும் வெள்ளைப் பணம் மட்டும்தான். பத்திரத்தில் 30 என்றால் வங்கியும் அந்த முப்பதை வைத்துத்தான் கடன் தரும். கறுப்புப் பணம் புழங்கும் சந்தை, சாதியைக் கேட்காமலேயே நம்மை வடிகட்டிவிடுகிறது.

2021-இல் 34-க்குச் சொன்னபோது ஏன் வாங்கவில்லை என்று எங்களை நாங்களே திட்டிக்கொண்டோம். வட்டியும் அப்போது ஏழு சதவீதத்துக்குக் கீழே இருந்தது. காரணத்தை நோட்டை எடுத்துப் பார்த்தோம். அந்த ஆண்டு தம்பியின் பொறியியல் படிப்புக் கட்டணம், ஊரில் அம்மாவின் வீட்டுக் கூரை, மாமாவின் டயாலிசிஸ். எங்களோடு அதே நாளில் அதே சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்த சாதி இந்து நண்பர் அதே ஆண்டு வீடு வாங்கினார். முன்பணம் 12 லட்சம் அவர் அப்பா கொடுத்தார். எங்கள் சம்பளம் மேலே இருந்து கீழே போகிறது, பெற்றோருக்கு, உடன்பிறந்தோருக்கு. அவருக்கு மேலே இருந்து வருகிறது. சம்பளச் சீட்டை மட்டும் பார்த்து "நீங்களும் நாங்களும் சமம்தானே, இன்னும் எதுக்கு இடஒதுக்கீடு" என்று கேட்பவர்களிடம் இனி சம்பளச் சீட்டைக் காட்டாதீர்கள். முன்பணம் எங்கிருந்து வந்தது என்று திருப்பிக் கேளுங்கள்.

ஆகவே எங்கள் முடிவுக்கு நாங்கள் ஓர் அளவுகோல் வைத்துக்கொண்டோம். இருவரில் ஒருவர் வேலை போனாலும் மற்றவரின் சம்பளத்தில் தவணை கட்டி, அரிசியும் வாங்க முடிய வேண்டும். ஏனென்றால் மாதம் 25,000 தவணை இருக்கிறவன் வாய் திறக்கமாட்டான். நிறுவனத்தில் தவறு நடந்தால் பார்த்தும் பாராமல் போவான், கைதாகும் போராட்டத்துக்கு வரமாட்டான், "இந்த மாசம் முடியட்டும் தோழர்" என்பான். இப்படி ஆனவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம், அவர்கள் மீது எங்களுக்குக் கோபமில்லை. அந்த அளவுகோலில் நாங்கள் தாங்கும் தவணை 20,000. அதற்குக் கடன் 24 லட்சம். கைப்பணம் 14. மொத்தம் 38. பத்திரச் செலவு போக வீட்டு விலை ஏறத்தாழ 35 லட்சம். அதாவது நாங்கள் மூச்சு முட்டாமல் வாங்கக்கூடிய வீடு, 2021-இல் அவர் சொன்ன விலையில் இருக்கும் இதே வீடு. நான்கு ஆண்டு உழைத்துச் சேர்த்து, நான்கு ஆண்டு பழைய விலையில் வந்து நிற்கிறோம்.

நாங்கள் இந்த வீட்டை வாங்கவில்லை. 52-க்கும் இல்லை, 47-க்கும் இல்லை.

நிபுணர்களும் இதையேதான் சொன்னார்கள், பிறகு எதற்கு இவ்வளவு சண்டை என்று நீங்கள் கேட்கலாம். அவர்கள் வாடகை லாபம் என்பதால் வேண்டாம் என்றார்கள். நாங்கள் வாடகையில் படப்போவதைத் தெரிந்தே வேண்டாம் என்கிறோம். அவர்கள் கணக்கில் நாங்கள் புத்திசாலி வாடிக்கையாளர்கள். எங்கள் கணக்கில் நாங்கள் விலையால் வெளியேற்றப்பட்டவர்கள். நில உரிமைக் கோரிக்கையை ஊரோடு நிறுத்திக்கொண்டது நம் இயக்கங்களின் பிழை என்று நினைக்கிறோம். நிலமற்ற நம் பெண்கள் விவசாய நிலம் வாங்க தாட்கோ மானியம் தருகிறது. நல்லது. நகரத்தில் முதல் வீடு வாங்கும் துப்புரவுப் பணியாளருக்கும் ஆசிரியைக்கும் முன்பணத்துக்கு ஒரு மானியம் ஏன் இல்லை? நம் மாநாட்டுத் தீர்மானங்களில் இது ஏன் ஒருமுறைகூட இடம்பெறவில்லை? தனிக்குடும்பத்தின் கவலை என்று இதை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாக அலமாரிக்குள் படத்தை ஒளித்துக்கொண்டிருக்கிறோம்.

வாங்கமாட்டோம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. அதை மறைக்கவும் முயன்றார். 52-க்கும் 47-க்கும் இடையிலுள்ள ஐந்து லட்சத்தைப் பற்றி, சட்டப் பிரிவையும் குறிப்பிட்டு, அவருக்கு ஒரு கடிதம் எழுதிக் கையில் கொடுத்தோம். படித்துவிட்டு, "என்ன தம்பி நீங்க" என்றார். வருத்தம்தான். எங்களுக்கும் வருத்தம். வழக்குப் போடவில்லை. போட்டிருக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கு இன்னும் அபிப்பிராயம் இருக்கிறது. கதவைத் திறந்த ஒரே மனிதர்மீது முதல் வழக்கா என்பது மற்றவரின் கேள்வி. இரவுச் சாப்பாட்டில் இந்த விவாதம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

எங்கள் வாடகை ஒப்பந்தம் பதிவு செய்யப்பட்டது, 2026 மார்ச் வரை செல்லும். யார் வாங்கினாலும் அதுவரை இங்கேதான் இருப்போம். புதிதாக வாங்கப்போகிறவர் "எப்ப காலி பண்றீங்க?" என்று கேட்டபோது அந்தத் தாளைத்தான் காட்டினோம். தம்பி தங்கைகளே, வெறும் வாய்ப் பேச்சில் குடியேறாதீர்கள். எழுதி, பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரியில் மறுபடி வீடு தேடத் தொடங்குவோம். இந்த முறை யார் என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் அட்வான்ஸ் பற்றிப் பேசுவதாக இருக்கிறோம். கையில் ஒரு நோட்டும் இருக்கும். தேதி, பகுதி, கேட்ட வாடகை, கேட்ட கேள்வி, மறுத்தபோது சொன்ன காரணம் எல்லாவற்றையும் அன்றன்றே எழுதுவோம். மதுரையில் இந்த ஆண்டு வீடு தேடும் நம் மாணவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் இதே போல எழுதி வையுங்கள். நூறு பேருடைய நோட்டுச் சேர்ந்தால் அதை வைத்துக்கொண்டு 2017 சட்டத்தில் அந்த ஒரு வரியைக் கேட்கலாம். வீட்டுக்காரர் பெயரை எழுத வேண்டாம், தெரு போதும். குலசாமி கேள்வியை மட்டும் மறக்காமல் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.